ரோஸ்மில்க் குடித்த கியர்பாக்ஸ்!

செமஸ்டர் எல்லாம் எப்படிப் போச்சு? எனக்கா... வேணாம், விடுங்க. இந்த வாரம் என் வண்டவாளத்தை நானே தண்டவாளத்தில் ஏத்தப் போறேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தன், கண் முன்னாடி ஒரு கியர்பாக்ஸ் கெட்டுப் போறதை செல்போனில் வீடியோ எடுத்துக்கிட்டு நின்ன கதை இது.

எங்க மாமா திண்டிவனத்தில் டாக்ஸி ஓட்டுகிறார். விழுப்புரம் ஜங்ஷன், பாண்டி, அமாவாசை வந்தால் மேல்மலையனூர்... அவ்வளவுதான் அவர் உலகம். பழைய டீசல் வண்டியை வித்து, மேலே கடனும் வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு ஹைபிரிட் கார் எடுத்தார். "மாப்ள, இதுல கிளட்ச்சே கிடையாதுடா. தேயறதுக்கு ஒண்ணுமே இல்ல!" என்று ஸ்டாண்ட் முழுக்கத் தம்பட்டம். நானும் 'ஆமாம் மாமா' போட்டேன்.

மாமா சொன்னதில் பாதி நிஜம். 1997-ல் ஜப்பானில் வந்த டொயோட்டா ப்ரியஸ்தான் இந்த வகைக்கு மூதாதை. இப்போ நம்ம ரோட்டில் ஓடுற இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் எல்லாம் அதே பரம்பரை. உள்ளே கிளட்ச் இல்லை, பெல்ட் இல்லை, மாத்துறதுக்கு கியரும் இல்லை. இருப்பது கே.ஓ.எம். பேப்பரில் டேபிள் போட்டு சால்வ் பண்ணுவோமே, அந்த எபிசைக்ளிக் கியர் டிரெயின். நடுவில் சூரியச் சக்கரம். அதில் ஒரு மோட்டார். சுத்தி கோள் சக்கரங்கள். அவற்றைத் தாங்குற கேரியரில் இன்ஜின். வெளி வளையத்தோடு இன்னொரு மோட்டாரும் வீலும். முதல் மோட்டாரோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சாலே கியர் மாத்தின மாதிரி ஆயிடும். ரிவர்ஸ் கியர்கூடத் தேவையில்லை, மோட்டார் திரும்பிச் சுத்தினால் போதும். (பரீட்சையில் இதை யாராவது இப்படிச் சொல்லியிருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்!)

மறந்து போற சமாச்சாரம் ஒண்ணு உண்டு. ஆயில். சிவப்பு கலரில், தண்ணி மாதிரி மெல்லிசா இருக்கும். பல்சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு தருவது அதோட ஒரு வேலை. மோட்டார் சுருள்களின் சூட்டை இழுத்துக்கிட்டுப் போறது இன்னொரு வேலை. கரன்ட் ஓடுற இடத்தில் புழங்குவதால் அது மின்சாரத்தைக் கடத்தவே கூடாது.

இனி 2024 டிசம்பர் 1-க்கு வாங்க. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம்ம மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரத்தில் ஒரு சவாரியை இறக்கிவிட்டு, காலையில் திரும்பின மாமா, தெருமுனையில் தண்ணிக்குள்ளே காரை விட்டுட்டார். கதவு பாதி வரைக்கும் வெள்ளம். பக்கத்துத் தெரு டிராக்டர் வந்தது. கயிறு கட்டி, 'N'-ல் போட்டு, நாலு வீலும் தரையில் உருள நாலு கிலோமீட்டர் இழுத்துக்கிட்டுப் போனோம். ஊரே கை தட்டிச்சு. வீடியோ எடுத்தவன் யாருன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன்.

இங்கே நடந்தது ரெண்டு தப்பு. ஒண்ணு இயற்கை செஞ்சது. ஓடிவந்த கியர்பாக்ஸ் சூடா இருக்கும். சில்லுன்னு வெள்ளத்தில் முங்கினதும் உள்ளே இருக்கிற காத்து சுருங்கும். மூச்சு விடுறதுக்குன்னு மேலே ஒரு ப்ரீதர் துவாரம் இருக்கு. அது வழியா தண்ணியை உறிஞ்சிடும். சார்லஸ் விதி, பிளஸ் ஒன் பாடம்! ரெண்டாவது தப்பு நாங்க செஞ்சது. ஹைபிரிட்டில் முன் வீல் சுத்தினா மோட்டாரும் கூடவே சுத்தும், கரன்ட் தயாரிக்கும். ஆனா பல மாடல்களில் ஆயில் பம்பை ஓட்டுறது இன்ஜின். அது தூங்குதே! அதனால்தான் முன் வீலைத் தூக்கியோ, லாரி மேல ஏத்தியோதான் கொண்டுபோகணும்னு காரோட புத்தகத்திலேயே போட்டிருக்கு. அந்தப் புத்தகம் டேஷ்போர்டுக்குள்ளே கவர்கூடப் பிரிக்காம இருந்தது.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில் சீட்டைக் காய வெச்சாங்க, இன்ஜின் ஆயிலை மாத்தினாங்க. கியர்பாக்ஸ்? "அது லைஃப்டைம் ஆயில் சார், தொட வேண்டாம்." யாரோட லைஃப்டைம்னு நாங்க கேக்கலை.

மார்ச்சில் அறுபது கிலோமீட்டர் வேகம் தொட்டால் 'ஊய்ய்ய்'னு ஒரு சத்தம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினதும் ஆரம்பிச்சு, விழுப்புரம் வரைக்கும் கூடவே வரும். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் டிரெயின் பிளக்கைக் கழட்டினார். சிவப்பா வர வேண்டிய ஆயில் நுரை தள்ளி வெளுத்து வந்தது. அச்சு அசல் ரோஸ்மில்க்! "தண்ணி தம்பி. பேரிங்கைத் தின்னிருக்கு" என்றார். மாமா பேசவே இல்லை. பெட்டியை மொத்தமா மாத்தினா எவ்வளவு ஆகும்னு அண்ணன் சொன்னது, மாமாவோட பத்து மாச டியூ.

வேலை என்னவோ சுலபம்தான். ஆரஞ்சு கலர் ஒயர் பக்கம் கையே போகாது. அதில் உயிரை வாங்குற வோல்டேஜ். வண்டியை லெவலா நிறுத்தி, கீழ் பிளக்கில் வடிச்சு, பக்கவாட்டு பிளக் வழியா அது கழுத்து வரைக்கும் நிரப்பணும். பெரும்பாலும் மூணு, நாலு லிட்டர். கம்பெனி சொன்ன ரகம் மட்டும்தான். கைக்குக் கிடைச்ச கெட்டி கியர் ஆயிலை ஊத்தினா சோலி முடிஞ்சது. நம்ம கேஸில் தண்ணி கலந்திருந்ததால் நிரப்பி, ஓட்டி, மறுபடி வடிச்சு, திரும்ப நிரப்பினார்.

வெள்ளமே பார்க்காத வண்டிக்கும் ஆயில் கிழடு தட்டும். புதுச் சக்கரங்கள் ஒண்ணோடொண்ணு படியும்போது இரும்புத்தூள் உதிரும், மே மாச ஹைவே சூடு வேற. சொந்த காருக்கு எப்போ மாத்தணும்னு புத்தகத்தைப் பாருங்க. டாக்ஸின்னா 'கடுமையான உபயோகம்'னு இருக்கிற பக்கத்தைப் பாருங்க. அதில் எதுவும் போடலைன்னாலும் நான் மாத்தச் சொல்வேன். நாலு லிட்டர் ஆயில் எங்கே, பத்து மாச டியூ எங்கே!

இன்னொண்ணு. பின்னாடி 'ஸ்மார்ட் ஹைபிரிட்'னு ஸ்டிக்கர் ஒட்டின சியாஸ், எர்டிகா வெச்சிருக்கிறவங்க குழம்ப வேண்டாம். அது மைல்டு ஹைபிரிட். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், அதுக்கு அதோட ஆயில் கணக்கு.

சத்தம் குறைஞ்சிருக்கு. போன அமாவாசைக்கு மேல்மலையனூர் சவாரியில் நானும் முன் சீட்டில் தொத்திக்கிட்டேன். பின்னாடி உட்கார்ந்த அக்காங்க பாட்டு போடச் சொல்லி மூணு தடவை கேட்டாங்க. மாமா போடவே இல்லை. செஞ்சி தாண்டும்போது மெதுவா என் பக்கம் சாய்ஞ்சு, "மாப்ள, கேக்குதாடா?" என்றார்.

கேட்டுச்சு. கொஞ்சமா.