சொட்டு மருந்தும் நோன்பும்

ரமளான் வந்தால் மீஞ்சூர்ப் பக்கத்து மஹல்லாக்களில் ஒன்றைக் காண்கிறோம். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து இடும் பெரியவர்கள், நோன்பு முறிந்துவிடுமோ என்றஞ்சி, மாதம் முழுவதும் அதனை நிறுத்திவிடுகின்றனர். அவர்தம் பேணுதலை மதிக்கிறோம். ஆயினும் உடன்பட இயலவில்லை.

கண்ணுள் அழுத்தம் மிகும்போது விழித்திரையின் நரம்பணுக்களும், அவற்றின் இழைகள் ஒன்றுகூடிய பார்வை நரம்பும் சிதைகின்றன. பெரும்பாலும் வலி இராது. பக்கப் பார்வை மெல்லச் சுருங்கும். கண்புரையைப் போன்றதன்று இது; இழந்த பார்வை அறுவை சிகிச்சையாலும் மீளாது. நமது திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களையும் உள்ளடக்கிச் சங்கர நேத்ராலயா நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கண்டறியப்பட்டோருள் ஏறத்தாழ எவருமே அதனை முன்பு அறிந்திருக்கவில்லை. அறிந்தவர்களும் மருந்தை நிறுத்தினால் என் செய்வது?

ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் இரண்டிலும் கண்ணில் இடும் மருந்தால் நோன்பு முறியாது. தொண்டையில் கசப்பு உணரப்படினும் அவ்வாறே. அப்போதும் மனம் ஒப்பாதவர், மருத்துவரிடம் கேட்டு, ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னரும் இட்டுக்கொள்ளலாம். சொட்டு விட்டபின் மூக்கோரக் கண்முனையை ஓரிரு நிமிடம் அழுத்தினால், தொண்டைக்கு இறங்குவதும் குறையும். இதனை இமாம்கள் ஷஅபான் மாத ஜுமுஆ பயானிலேயே சொல்லிவிட வேண்டும். ரமளான் பிறந்தபின் சொன்னால், சிலர் அதற்குள் சில நாள் மருந்தை விட்டிருப்பார்கள்.