மூட்டம் விலகினால் ஊர் சின்னது

சான் அன்ட்ரியாஸ் கேமில் ஒரு டோனட் கடை இருக்கிறது. அதன் விளம்பரப் பலகையில் டோனட் இருக்கவேண்டிய இடத்தில் பெரிய இரும்பு நட்டு ஒன்றை வைத்திருப்பார்கள். ஆறு மூலையும் கூராக நிற்கும். அந்தக் கடையின் பகிடியே அதுதான். 2021இல் வந்த புதுப்பித்த பதிப்பில் அந்த நட்டின் மூலைகள் மழுங்கி, அது வெறும் வட்டமாகிவிட்டது. பழைய உருவங்களை வழவழப்பாக்கும் அவசரத்தில் இது ஏன் ஆறு மூலையாக இருக்கிறது என்று ஒருவரும் நின்று யோசிக்கவில்லை. எங்கள் சந்தியில் கராஜ் வேலை பழகும் பொடியனுக்குக்கூடப் பார்த்தவுடன் விளங்கியிருக்கும்.

ஜீ.ரி.ஏ. வரிசையின் மூன்று பழைய கேம்களை ஒன்றாகக் கட்டி ரொக்ஸ்டார் நிறுவனம் 2021 நவம்பர் 11ஆம் திகதி வெளியிட்டது. வைஸ் சிற்றி 2002இலும் சான் அன்ட்ரியாஸ் 2004இலும் முதலில் வந்தவை. கற்பிட்டியின் ஆலங்குடாப் பக்கத்தில் எங்கள் வயதுக்காரரிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் போதும், அவர் கண் கொஞ்சம் பெரிதாகும். வீட்டில் கணினி இருந்தவர்கள் குறைவு. கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, ஒருவர் விளையாட நாலு பேர் பின்னால் நின்று கத்துவோம். இங்கிலீஷ் பாடத்தில் எழுத்துக்கூட்டத் திணறுகிறவன்கூட 'ஹெசோயாம்' என்ற சீற் கோடைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பான். அடித்தால் உயிரும் கவசமும் நிரம்பும், இரண்டரை இலட்சம் டொலர் கையில் விழும். கடைக்காரர் "டைம் முடிஞ்சுது" என்று சொல்லும்போது கோடீஸ்வரனாக எழும்பி, வெறுங்கையோடு வீட்டுக்குப் போவோம்.

சான் அன்ட்ரியாஸின் கதையும் திரும்பி வருகிற கதைதான். உம்மாவின் மரணச் செய்தி கேட்டு, ஐந்து வருடங்களுக்குப் பிறகு 1992இல் ஊர் வருகிறான் கதாநாயகன் சீ.ஜே. வந்தவுடன் பொலிஸ் பிடித்துக்கொண்டுபோய், எதிரிக் கூட்டத்தின் தெருவில் இறக்கிவிடுகிறது. கிடைத்த சைக்கிளை மிதித்துக்கொண்டு தன் ஒழுங்கைக்குப் போகிறான். கொலையும் கொள்ளையும் நிறைந்த கேம் என்று வீட்டுப் பெரியவர்கள் ஏசியது நியாயம். ஆனால் எங்களை இழுத்தது சுடுகிற வேலை மட்டுமல்ல. ஒரு வேலையும் செய்யாமல் வாகனத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். நகரம் முடியும், வயல் வரும், மலை வரும், பாலைவனம் வரும். இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரியாது.

தெரியாததற்குக் காரணம் பனிமூட்டம். இந்தக் கேம் முதலில் வந்த பிளேஸ்டேஷன் 2இன் நினைவகம் வெறும் 32 மெகாபைட். அதற்குள் சான் அன்ட்ரியாஸ் என்ற ஒரு முழு மாநிலத்தை ஒரே நேரத்தில் காட்ட முடியாது. அதனால் தூரத்திலிருப்பதை மூட்டத்தால் மறைத்து, கிட்ட வர வரக் காட்டினார்கள். அளந்து பார்த்தால் அந்த மாநிலம் பக்கத்துக்கு ஆறு கிலோமீற்றர் கொண்ட ஒரு சதுரம்தான். பரப்பில் எங்கள் கற்பிட்டிக் குடாநாட்டைவிடச் சின்னது. இயந்திரத்தின் இயலாமையை மறைக்க வந்த மூட்டம், அந்தச் சின்ன நிலத்தை ஒரு தேசம்போல் காட்டியது. செம்மஞ்சள் வெயிலும் அதோடு சேர்ந்து, சூடான ஊர் ஒன்றில் நிற்கிற உணர்வைத் தந்தது.

புதிய பதிப்பு அந்த மூட்டத்தை எடுத்துவிட்டது. இன்றைய கணினிக்கு அது தேவையில்லைதானே! விளைவு என்னவென்றால், விமானத்தில் ஏறினால் அந்த மாநிலத்தின் மூன்று நகரங்களும் ஒரு மேசைமேல் பரப்பிவைத்த மாதிரித் தெரிந்தன. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள், எதிரே வருகிற வாகனம் தெரியவில்லை. பலருடைய முகங்கள் களிமண் பொம்மை மாதிரி இருந்தன. வைஸ் சிற்றியில் முதல் காரில் ஏறியவுடன் கேட்ட மைக்கல் ஜாக்சனின் பாட்டும் இல்லை. உரிமக் காலம் முடிந்ததால் அது முன்னமே கணினிப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இதைச் செய்த நிறுவனத்தின் பெயர் குரோவ் ஸ்ட்ரீற் கேம்ஸ். சீ.ஜே.யின் தெருப் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்ட நிறுவனம்!

விலை அறுபது டொலர். வெளியானபோது ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ரூபா. அடுத்த மே மாதம் ரூபா விழுந்து கிடந்தபோது அதே அறுபது டொலர் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் என் மச்சான், விலை ஏறுமுன்பே வாங்கியிருந்ததால், பெருநாளுக்கு வரும்போது மடிக்கணினியில் கொண்டுவந்தான். கரண்ட் வெட்டுக் காலம் அது. 900 மெகாவாற் நுரைச்சோலை மின்நிலையம் இருக்கிற இதே கரையில், கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து விளையாடினோம். நான் பெருமையாக ஹெலிகொப்டரை மேலே எழுப்பினேன். பக்கத்தில் இருந்த மருமகன் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"மாமா, நீங்க பெரிசு பெரிசு எண்டு சொன்ன ஊரு இவ்வளவுதானா?"

மச்சான் என்னைத் தேற்றினான். "கேம் மாறல்ல. நமக்கு வயசு போயிட்டு, அதுதான்."

பலரும் சொல்கிற பதில் இது. பழசு எதையும் பாராட்டினால் ஏக்கம் என்று பெயர் வைத்து வாயை அடைத்துவிடலாம். இந்தப் பதிலோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1990இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. "எங்கட ஊருக் கிணத்துத் தண்ணி மாதிரி வராது" என்று மூத்தவர்கள் சொல்லும்போது இங்கே பிறந்த நாங்கள் சிரிப்போம். பிறகு ஆய்வு முடிவுகளை வாசித்தேன். கற்பிட்டியின் மணல் தரையில் மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் உரம் நேரே கீழிறங்கி, இங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்றைக் குடிநீருக்குரிய அளவுக்கு மேல் கொண்டுபோயிருக்கிறது. மூத்தவர்கள் ஏங்கியது உண்மை. இங்கத்தைய தண்ணீரில் குறை இருந்ததும் உண்மை. ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகாது.

இந்தக் கேமிலும் அப்படித்தான். வெளியான எட்டாம் நாளே, நவம்பர் 19ஆம் திகதி, ரொக்ஸ்டார் தன் தரத்துக்கு இது வரவில்லை என்று மன்னிப்புக் கேட்டது. பிந்திய திருத்தங்களில் முக்கியமானது என்ன தெரியுமா? மூட்டத்தையும் பழைய வானத்தின் ஒளியையும் திரும்பக் கொண்டுவந்ததுதான். 2023 டிசம்பரில் கைப்பேசிப் பதிப்பில் வந்தது, கணினிக்கு 2024 நவம்பரில்தான் வந்துசேர்ந்தது. காசு கொடுத்து முதலில் வாங்கியவர்கள் மூன்று வருடம் காத்திருந்தார்கள். அதே திருத்தத்தோடு, தொடக்கத் திரையில் இருந்த குரோவ் ஸ்ட்ரீற் கேம்ஸின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். நட்டை மழுக்கினவர் ஒருவர், அதைப் பார்த்து விற்பனைக்கு விட்டவர் இன்னொருவர். பெயர் போனது முதலாமவருக்கு மட்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு இடத்தில். புதியது வருமுன்பே, பழைய மூன்று கேம்களையும் இணையக் கடைகளிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்கக்கூடாது என்ற மாதிரி. அதே வருடம், பழைய கேமின் உள்கட்டமைப்பைத் தாங்களே மறுபடி எழுதிக் குறைகளைத் திருத்திய ரசிகர்கள்மேல் தாய் நிறுவனமான டேக்-ரூ கலிபோர்னியாவில் வழக்கும் போட்டது. அந்த நட்டுக்கு ஏன் ஆறு மூலை என்று கேட்காமலே சொல்லியிருக்கக்கூடியவர்கள் அவர்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் கணினிக்கான பழைய பதிப்புகள் ரொக்ஸ்டாரின் கடைக்குத் திரும்பின.

சரியாகச் செய்யத் தெரியாததால் நடந்தது என்றும் சொல்ல முடியாது. அதற்குப் பத்து வருடம் முன், 2011 நவம்பரில், ஹேலோ என்ற கேமின் முதல் பாகத்தைப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அதில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அமத்தினால் புதிய காட்சி போய்ப் பழைய காட்சி வரும், திரும்ப அமத்தினால் புதியது வரும். பழையதை மறைக்காமல் பக்கத்திலேயே வைக்கிற துணிச்சல் அது. புதுப்பித்தவருக்குத் தன் வேலைமேல் நம்பிக்கை இருந்திருக்கிறது.

புதியதைச் செய்யவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். என் மருமகனுக்கு 2004ஆம் ஆண்டின் திரை பிடிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழையதைக் கடையிலிருந்து எடுக்காமல் விட்டால் போதும். இரண்டையும் விளையாடிப் பார்த்துவிட்டு, எனக்கு வயது போய்விட்டதா, அவர்களுடைய கேம் கெட்டுவிட்டதா என்று அவனே சொல்லட்டும்.