மைதானங்களைத் திறந்து விடுங்கள்

ஏழை வீட்டுப் பிள்ளை என்றதும் ஒட்டிய வயிறும் எலும்பு தெரியும் மார்பும்தான் நம் கண் முன் வருகின்றன. அந்தக் காட்சி இன்னும் மறைந்துவிடவில்லை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு 35 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆனால் அதே கணக்கெடுப்பில் மற்றொரு எண்ணும் இருக்கிறது. அளவுக்கு மீறிய எடையுள்ள குழந்தைகள் முந்தைய கணக்கெடுப்பில் 2.1 சதவீதமாக இருந்தனர், இதில் 3.4 சதவீதமாகிவிட்டனர். உலகம் முழுவதையும் எடுத்துக் கொண்டால், பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிட உடல் பருமன் உள்ளவர்களே அதிகம் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2025 செப்டம்பரில் அறிவித்தது.

இது கார் வைத்திருப்பவர்கள் வீட்டுச் சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. லாலாகுடா, மெட்டுகுடா, சிலகல்குடா பக்கம் ஒற்றை அறை வாடகை வீடுகளில் குடியிருக்கும் நம்மவர் குடும்பங்களைப் பார்த்தால் தெரியும். தந்தைக்கு ஷிப்டு வேலை. தாயும் வேலைக்குப் போகிறாள். பள்ளி விட்டு வரும் பிள்ளையின் கையில் பத்து ரூபாய் இருக்கிறது. அந்தக் காசுக்குப் பெட்டிக் கடையில் உடனே கிடைப்பது பொட்டலத்தில் அடைத்த வறுவலும் கலர் தண்ணீரும்தான். தெருவில் இறங்கினால் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் இடிக்கின்றன. ஆகவே செல்போனைக் கையில் கொடுத்து, "வெளியே போகாதே" என்று சொல்லிவிட்டுத் தாய் கிளம்புகிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

இதில் நம் நாட்டுக்கு என்றே ஒரு சங்கடம் உண்டு. தாய்க்குப் போதிய போஷாக்கு இல்லாமல் எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பதைப் புனேயில் டாக்டர் யாக்னிக் குழுவினர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட உடலில் பிற்பாடு மைதாவும் சர்க்கரையும் மலிவு எண்ணெயும் சேர்ந்தால், அது இடுப்பைச் சுற்றிக் கொழுப்பாகவே தங்குகிறது. இளம் வயதிலேயே சர்க்கரை வியாதி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். "கொழுகொழு என்று இருக்கிறான், கண்ணுபடப் போகிறது" என்று பாட்டிமார் திருஷ்டி கழிப்பதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை.

தார்நாகா வழியாகப் பஸ்ஸில் போகும் நம்மவர்கள் அங்குள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைப் பார்த்திருப்பார்கள். 1918ல் நீலகிரி குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் தொடங்கிய கூடம் அது. 1958ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட ஸ்தாபனம் என்று சொல்லலாம். நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவினால் வருவது என்று 2024ல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்நிறுவனம் சொல்லியிருக்கிறது. அறிவு பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. பெட்டிக் கடை அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

உணவு ஒரு புறம். ஓட்டமும் ஆட்டமும் மறு புறம். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடல் வருந்த ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. எங்கே போய் ஓடுவது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து நடத்தும் பள்ளிகளில் அதைத் தேடிப் பார்க்க வேண்டியதுதான். மைதானம் உள்ள பள்ளிகளிலோ, மணி அடித்ததும் கதவு பூட்டப்படுகிறது. காவலாளி இல்லை, கண்ணாடி உடைகிறது, இருட்டினால் குடிகாரர்கள் நுழைகிறார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். அவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆனால் பச்சைக் கம்பளம் விரித்த தனியார் ஆடுகளங்கள் மணிக்கணக்கில் வாடகை வாங்கும் நகரத்தில், பணம் இல்லாத பிள்ளைக்கு மிஞ்சுவது அந்தப் பூட்டிய கதவு மட்டுமே.

இந்நகருக்கு இது புதுப் பாடமும் அல்ல. 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தங்கம் வாங்கித் தந்த எஸ்.ஏ. ரஹீம் ஐதராபாத்தின் பள்ளி ஆசிரியர். 2014 மே 25 அன்று, பதினான்கு வயது நிரம்பும் முன்பே எவரெஸ்ட் ஏறிய மாலாவத் பூர்ணா நிஜாமாபாத் மாவட்டத்துப் பழங்குடிப் பெண். அரசின் சமூக நல உறைவிடப் பள்ளி மாணவி. வசதியும் வாத்தியாரும் கிடைத்தால் ஏழைப் பிள்ளையின் உடம்பு எதற்கும் ஈடு கொடுக்கும்.

ஆயினும் நாம் பேசுவது எவரெஸ்ட் ஏறும் பிள்ளையைப் பற்றி அல்ல. டிரில் பீரியடில் மாஸ்டர் இரண்டு கட்சி பிரிக்கும்போது கடைசிவரை யாரும் கூப்பிடாத பிள்ளை ஒன்று உண்டு. "நீ ஸ்கோர் எழுது" என்று அதை ஓரத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறது! பட்டப் பெயர் வேறு. மாநகராட்சியின் கோடை முகாம்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் அங்கும் ஆட்டக்காரனைத் தேடுகிறார்களே தவிர, ஆடத் தெரியாதவனைத் தேடுவதில்லை. பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். ஆறாம் வகுப்பு தாண்டியதும் "மைதானத்தில் உனக்கு என்ன வேலை?" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறோம்.

ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை 2012ல் ஒரு வழி கண்டார். எல்லாப் பிள்ளைகளும் தினம் 15 நிமிடம் மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். ஓடலாம், நடக்கலாம், போட்டி இல்லை, சீருடை மாற்ற வேண்டியதில்லை. ஒரு பைசாச் செலவில்லாத இந்த ஏற்பாடு பல நாடுகளுக்குப் பரவியது. அதே சமயம், இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியில் 50க்கும் மேற்பட்ட பள்ளிகளை எடுத்துக் கொண்டு நடந்த ஆய்வில், ஓராண்டுப் பயிற்சித் திட்டத்தால் பிள்ளைகளின் எடையில் சொல்லும்படியான மாறுதல் இல்லை என்று 2018ல் முடிவு வெளியாயிற்று. பள்ளி தனியாக இழுத்து நகரும் வண்டி அல்ல இது. வீடும் தெருவும் கூட இழுக்க வேண்டும்.

இங்குதான் நம் தமிழ்ச் சங்கங்கள் முன்வர வேண்டும். பொங்கல் விழாவுக்கும் இசைக் கச்சேரிக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால், ஓய்வு பெற்ற டிரில் மாஸ்டர் ஒருவரை மாலை வேளைகளில் அமர்த்தலாம். கபடி, கோ-கோ, நொண்டி, பச்சைக் குதிரை ஆகியவற்றுக்கு மட்டையும் வேண்டாம், வலையும் வேண்டாம். தெலுங்குப் பிள்ளை, உருது பேசும் பிள்ளை எல்லோரும் வரட்டும். மற்றவர் எதிரில் எடை பார்க்கும் வேலை கூடாது. வளரும் பிள்ளைகளில் பலருக்கு எடை இறங்கவே வேண்டியதில்லை. ஏறாமல் நின்று உயரம் கூடினாலே போதும். ஆகவே பட்டினி போடவும் வேண்டாம். மூச்சு வாங்கும் பிள்ளையை மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

ரெயில்வே காலனி மைதானங்களை வெளிப் பிள்ளைகளுக்கும் மாலை ஒரு மணி நேரம் திறந்து விடுவது பற்றி நிர்வாகம் யோசிக்க வேண்டும். பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. அதற்குள் ஒவ்வொரு பேட்டையிலும் பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து, மாலை ஐந்து முதல் ஆறரை வரை கதவுக்குக் காவல் இருக்கும் பொறுப்பை முறை போட்டு ஏற்பதாகத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துச் சாவியைக் கேட்கலாம்.