சலுகையன்று, கடன்

“தகுதி” என்னும் சொல்லைப் போல் நம்மிடையே தவறாக வழங்கப்படும் சொல் வேறொன்று இராது. 2020 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டமுன்வடிவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. “அப்படியானால் தகுதி என்னாவது?” என்ற குரல் உடனே எழுந்தது.

கேட்டவர்க்குக் கொங்கு மண்ணே விடை பகரும். பிளஸ் டூ மதிப்பெண்ணே மருத்துவக் கல்லூரியின் திறவுகோலாயிருந்த காலத்தில், நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளை நோக்கித் தமிழகமே படையெடுத்தது. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போடச் செய்த பள்ளிகள் பல. கோழிப் பண்ணைகள் நிறைந்த ஊராதலின், அவற்றிற்குப் “பிராய்லர் பள்ளிகள்” என்று மக்களே பெயர் சூட்டினர். 2017 இல் நீட் தேர்வு வந்தது. பணம் விடுதிப் பள்ளியிலிருந்து பயிற்சி மையத்திற்கு இடம் பெயர்ந்தது. விலை கொடுத்தவன் பெற்றது தகுதி, கொடுக்க இயலாதவன் பெற்றது சலுகை என்பது எந்த ஊர் நியாயம்?

அதே கொங்கு மண்ணின் எடப்பாடித் தொகுதியிலிருந்து சென்று, அப்போது முதலமைச்சராயிருந்த திரு. பழனிசாமி, 2020 மார்ச்சில் இத்திட்டத்தைப் பேரவையில் அறிவித்தார். நீதியரசர் கலையரசன் தலைமையிலான குழு 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5 விழுக்காட்டில் நின்றது. ஆளுநரின் ஒப்புதலோ ஆறு வாரங்களுக்கு மேல் வரவில்லை. அக்டோபர் 29 அன்று அரசு ஆணை பிறப்பித்தது. மறுநாள் ஒப்புதல் வந்தது! விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளே நுழைந்துவந்த இடத்தில், அவ்வாண்டே 300க்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அவர்களுக்குக் கிட்டின. எக்கட்சியார் ஆயினும் பாராட்ட வேண்டிய பணி இது.

ஆயினும், கதவைத் திறந்ததோடு கடமை முடிந்துவிடுமா? 2022 இல் இச்சட்டம் செல்லுமெனத் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றம், அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தவும் வலியுறுத்தியது. ஒதுக்கீடு ஊன்றுகோல், ஒடிந்த காலுக்கு மருந்தன்று.

இன்னொன்றும் உண்டு. மலைப்பகுதியில் 20,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பட்ட அளவு. தாளவாடியிலோ பர்கூர் மலையிலோ கட்டடம் எழுப்புதல் எளிது. மருத்துவரைத் தங்கவைத்தலே அரிது. “ஒதுக்கீட்டில் வந்த பிள்ளைகள் அங்கே போகட்டுமே” என்பார் உளர். இது முந்தைய அநீதியினும் கொடிது. 1966 இல் தொடங்கிய கோவை அரசு மருத்துவக் கல்லூரியில் பயின்றோர் அனைவரையும், செல்வர் வீட்டுப் பிள்ளை உட்பட, உழவனும் ஆலைத் தொழிலாளியும் கொடுத்த வரிப்பணமே மருத்துவராக்கியது. கடன் அனைவருக்கும் பொதுவென்றால், ஏழைப் பிள்ளை மட்டும் ஏன் தனித்து அடைக்க வேண்டும்?

வழி இல்லாமலில்லை. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்குப் பட்ட மேற்படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமையுண்டு என 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் உரைத்தது. சிற்றூரில் உழைப்பவர்க்கு உயர்வு தருக. அரசுக் கல்லூரியில் பயின்ற ஒவ்வொருவரையும் சில ஆண்டுகளேனும் அங்கு அனுப்புக. அடுத்த சட்டமுன்வடிவு இதுவாகட்டும். வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுவே.