குளிர்காலத்தில் யார் புத்தகம் வாங்குவார்?

"எங்காவது ஒரு சிற்றூரில் பழைய புத்தகக் கடை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கப் படித்தபடியே இருந்துவிடலாம்." எங்கள் பல்கலைக்கழக விடுதியில் இந்த ஆசையைச் சொல்லாத வாசகர் இல்லை. அப்படிச் சொல்பவர்களிடம் நான் ஷான் பைதெல் எழுதிய நாட்குறிப்பை நீட்டிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் விக்டவுன் என்றொரு சிற்றூர். அங்கு வாழ்பவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். பால்பொருள் ஆலையும் பக்கத்து விஸ்கி ஆலையும் மூடப்பட்டு நலிந்து கிடந்த அந்த ஊர், 1998இல் ஸ்காட்லாந்தின் தேசியப் புத்தக நகரமானது. அங்கிருந்த பெரிய பழைய புத்தகக் கடையை பைதெல் 2001இல் வாங்கினார். அவருடைய நாட்குறிப்பு 2017இல் நூலாக வெளிவந்தது.

ஒவ்வொரு நாள் குறிப்பும் கணக்கோடுதான் தொடங்குகிறது. இணையத்தில் இத்தனை நூல்களுக்கு ஆர்டர். அவற்றில் அலமாரியில் கிடைத்தவை இத்தனை. இரண்டு எண்களும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பட்டியலில் இருக்கும் புத்தகம் அலமாரியில் இல்லையென்றால் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் இணையத்தில் கடையின் மதிப்பெண் குறையும். குறிப்பின் முடிவில் அன்றைய கல்லாப்பணமும் வாங்கியவர்களின் எண்ணிக்கையும் இருக்கும். குளிர்காலத்தில் அந்த எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் ஊர் அது. சுற்றுலாப் பயணிகளும் வருவதில்லை.

அதற்காக வேலை குறைந்துவிடாது. பொட்டலம் கட்டி அஞ்சலகத்தில் சேர்க்க வேண்டும். இறந்துபோனவர்களின் வீடுகளுக்குப் போய், குடும்பத்தார் விற்க நினைக்கும் நூல்களைப் பிரித்துப் பார்த்துப் பெட்டி பெட்டியாகச் சுமந்து வர வேண்டும். இத்தனைக்கும் நடுவே ஒருவர் வந்து விலையைக் கேட்பார், இணையத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கும் என்பார், போய்விடுவார். பைதெலுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம்தான் நூலின் சுவையே. ஆனாலும் கல்விக் கடனில் படிக்கும் மாணவர் விலையை ஒப்பிடுவதில் தவறில்லை என்றே நான் நினைக்கிறேன். எனக்கு உறுத்துவது வேறு. கடைக்குள் நின்று படம் எடுத்துப் பகிர்ந்து, "இப்படிப்பட்ட கடைகள் அழியக்கூடாது" என்று உருகிவிட்டு, வெறுங்கையோடு வெளியேறுகிறோமே, அதுதான்.

நமக்குப் பனிக்காலம் கிடையாது. ஆனால் ஆள் வராத மாதங்கள் நம் ஊர்க் கடைகளுக்கும் உண்டு. பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் எஸ்டிபிஎம் நூல்களைத் தேடி அலைந்தவர்களில் நானும் ஒருத்தி. தேர்வுக் காலம் முடிந்தபின் அங்கு யார் போகிறோம்?

பைதெல் இதற்கு ஒரு வழி கண்டார். ஆண்டுச் சந்தா கட்டினால் மாதம் ஒரு புத்தகம் வீட்டுக்கு வரும். எந்தப் புத்தகம் என்பதைக் கடைதான் முடிவு செய்யும். வாசலில் ஆள் இல்லாத மாதத்திலும் அந்தப் பணம் கைகொடுக்கும். நம் பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள் இதைச் செய்து பார்க்கலாமே. இருபது பேர் சேர்ந்து, ஆளுக்கு மாதம் பத்து ரிங்கிட் வீதம், ஏதாவது ஒரு பழைய புத்தகக் கடையில் முன்பணமாகக் கட்டலாம். இருநூறு ரிங்கிட் பெரிய தொகையில்லைதான். ஆனால் மாதாமாதம் தவறாமல் வரும் இருநூறு. நூலைக் கடைக்காரரே தேர்ந்தெடுக்கட்டும். என்ன வரும் என்று தெரியாமல் பிரித்துப் பார்ப்பதற்கே பத்து ரிங்கிட் கொடுக்கலாம். எங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். இதுவரை ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.