புகை யாருடையது?

மெல்லிய புகைவாசம், ஷெர்ரி அல்லது போர்ட் பீப்பாயில் முதிர்ந்தது, சிறு தொகுதித் தயாரிப்பு, தலைமுறை தலைமுறையாக வரும் மரபு. ஸ்காட்லாந்து விஸ்கி பாட்டில்களின் அட்டையில் இந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. குடிப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நாம் இங்கே போகவில்லை. நமக்குச் சண்டை அந்தக் கடைசிச் சொல்லோடுதான். மரபு என்கிறார்களே, யாருடைய மரபு?

புகையிலிருந்தே தொடங்குவோம். சதுப்பு நிலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் மக்கிப் படிந்த செடிகொடிதான் பீட். அதைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். விறகுக்கு மரமில்லாத ஹைலேண்ட்ஸ் பகுதியிலும் மேற்குத் தீவுகளிலும் ஏழைக் குடிகளின் அடுப்பு அதில்தான் எரிந்தது. முளைகட்டிய பார்லியையும் அதே நெருப்பில் உலர்த்தினார்கள், புகை தானியத்தில் ஏறிக்கொண்டது. ரசனைக்காக யாரும் அதை ஏற்றவில்லை. வேறு எரிபொருள் இல்லை, அவ்வளவுதான். இன்று அந்தப் புகையை அளந்து, மெலிது, நடுத்தரம், கடுமை என்று பிரித்து விலை வைக்கிறார்கள்.

பீப்பாயின் கதையும் இதுதான். பிராந்தி சேர்த்து வலுவேற்றிய ஷெர்ரி ஒயின் ஸ்பெயினிலிருந்து பீப்பாய்களில் பிரிட்டனுக்கு வந்து இறங்கியது. காலிப் பீப்பாய் மலிவாகக் கிடைத்ததால் விஸ்கியை அதில் அடைத்தார்கள். 1980களில் பீப்பாயில் ஏற்றுமதி செய்வது நின்றுபோனது. இப்போது விஸ்கிக்காகவே பீப்பாய் செய்து, அதில் ஒன்றிரண்டு ஆண்டு ஷெர்ரியை ஊறவைத்து அனுப்புகிறார்கள். 'சிறு தொகுதி' என்பதற்கோ சட்டத்தில் வரையறையே கிடையாது. 2009-ன் ஸ்காட்ச் விஸ்கி விதிகள் ஓக் பீப்பாய், குறைந்தது 3 ஆண்டு, 700 லிட்டருக்கு மிகாத கொள்ளளவு என்று சொல்கின்றன. எத்தனை பீப்பாய் சேர்ந்தால் 'சிறு' என்று எங்கும் சொல்லவில்லை.

இதெல்லாம் விற்பனைத் தந்திரம் என்று விட்டுவிடலாம். நிலத்தின் கதையை அப்படி விட முடியாது.

ஹைலேண்ட்ஸ் குத்தகைக் குடிகள் பலருக்கு வாரம் கட்டப் பணம் வந்தது வீட்டில் காய்ச்சிய விஸ்கியிலிருந்துதான். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். 1823-ல் வந்த கலால் சட்டம் ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் என்றது, வரியைக் குறைத்தது, 40 காலனுக்குக் குறைந்த காய்ச்சும் பாத்திரத்துக்கு இடமில்லை என்றது. முதல் வைத்திருந்தவர்கள் உரிமம் வாங்கி முதலாளிகளானார்கள். இல்லாதவர்கள் கள்ளச்சாராயக்காரர்களாகவே நின்று, மெல்ல ஒழிக்கப்பட்டார்கள். அதே பார்லி, அதே புகை. ஒருவன் காய்ச்சினால் குற்றம், இன்னொருவன் காய்ச்சினால் தொழில்.

அந்த முதல் எங்கிருந்து வந்தது? சதர்லாந்து பகுதியில் ஆட்டுப் பண்ணைக்காகக் குடிகளை விரட்டியபோது வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதற்காக வழக்கைச் சந்தித்த எஸ்டேட் அதிகாரி பாட்ரிக் செல்லர் 1816-ல் விடுதலையானார். விரட்டப்பட்டவர்களைக் கடற்கரையில் குடியமர்த்தி, அவர்கள் விளைவிக்கும் பார்லியை வாங்கிக்கொள்ள 1819-ல் ஒரு வடிசாலையைக் கட்டியவர் அந்த எஸ்டேட்டின் சொந்தக்காரரான ஸ்டாஃபோர்டு பிரபு. கிளைனலிஷ் என்ற புகழ்பெற்ற பெயரின் தொடக்கம் இதுதான். ஸ்கை தீவில் 1830-ல் டாலிஸ்கரை நிறுவிய மக்காஸ்கில் சகோதரர்களும் ஆடு வளர்க்கக் குடிகளை அப்புறப்படுத்தியவர்கள்தான்.

"வேலை கொடுத்தார்களே" என்பார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட கையே பிறகு கூலியை நீட்டும், அதற்கு நன்றியும் எதிர்பார்க்கும். இந்த நியாயத்தை நமக்கு யாரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை, தோழர்களே. ஹைலேண்ட்ஸ் குடிகளின் கதை சாதியின் கதை அல்ல. கப்பலேறிய அந்த மக்களில் பலர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பூர்வகுடிகளின் நிலத்தில்தான் போய்க் குடியேறினார்கள். ஒப்பிடும்போது அதையும் சேர்த்தே பேசுவோம்.

டாலிஸ்கர் 2013-ல் ஒரு விஸ்கியை வெளியிட்டது. புகைவாசமுள்ள விஸ்கி, கடைசியாகப் போர்ட் ஒயின் பீப்பாயில் வைத்து எடுத்தது. ஸ்கையின் முக்கிய ஊரான போர்ட்ரீயின் பெயரையே கேலிக் எழுத்தமைப்பில் அதற்கு வைத்தார்கள். ஒயினின் பெயரும் ஊரின் பெயரும் ஒன்றாக ஒலிக்கிறதாம்! 1872-ன் ஸ்காட்லாந்து கல்விச் சட்டம் பள்ளியில் கேலிக் மொழிக்கு இடமே ஒதுக்கவில்லை. மொழி பேசியவர்களுக்குப் பள்ளியில் கிடைக்காத இடம் பாட்டில் அட்டையில் கிடைத்திருக்கிறது.

ஸ்டீவன்சன் 1880-ல் எழுதிய கவிதையில் டாலிஸ்கரைப் புகழ்ந்தார் என்பது விஸ்கி ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த இரண்டே ஆண்டில், 1882 ஏப்ரலில், அதே தீவின் பிரேஸ் பகுதியில் என்ன நடந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். பென் லீ மலை மேய்ச்சலைத் திருப்பிக் கேட்டுக் குடிகள் வாரம் கொடுக்க மறுத்தார்கள். வந்த நோட்டீஸ்களை எரித்தார்கள். கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். பெண்கள் முன்னால் நின்று கல்லெறிந்தார்கள். அடுத்த ஆண்டு நேப்பியர் ஆணையம் வந்தது. 1886-ல் குடிகளை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்ற சட்டமும் வந்தது. உரிமம் வாங்கியவர்களின் தயவில் வந்ததல்ல அந்தச் சட்டம்.

பிரேஸில் சாலையோரம் அந்தச் சண்டைக்கு ஒரு நினைவுக் கற்குவியல் நிற்கிறது. போர்ட்ரீயிலிருந்து சில மைல் தூரம்தான்.