கூடாரம் போய்த் திரை வந்தது

விசித்திர உடல்களைக் காட்டிக் காசு சேர்க்கும் கூடாரங்கள் ஒழிந்துவிட்டன என்று பெருமைப்படுவோர் உளர். கூடாரம் ஒழிந்தது மெய். வியாபாரம் ஒழிந்ததா?

மெக்சிக்கோவிற் பிறந்த யூலியா பஸ்திரானா பாடவும் ஆடவும் வல்லவர். சனம் திரண்டதோ உரோமம் அடர்ந்த அவர் முகத்தைப் பார்க்க. 1854 இல் நியூயோர்க் வைத்தியர் ஒருவர், இவர் மனிதருக்கும் குரங்குக்கும் பிறந்தவரெனச் சான்றிதழே எழுதிக் கொடுத்தார். விஞ்ஞானம் கூடாரவாயிலில் நின்று சீட்டு விற்றது! 1860 இல் மொஸ்கோவிற் பிள்ளை பெற்ற சொற்ப நாட்களுக்குள் சிசுவும் தாயும் மாண்டனர். கணவனாகவும் முதலாளியாகவும் இருந்தவன் இரு உடல்களையும் பதனிட்டு மறுபடியும் காட்சிக்கு வைத்தான். அவ்வுடல் தாய்நாட்டு மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டது 2013 இலேதான்.

அதற்கு ஓராண்டு முன்னர், 2012 இல், அமெரிக்காவின் ரி.எல்.சி. தொலைக்காட்சி ஒரு தொடரை ஆரம்பித்தது. பெயர்: ‘எனது 600 இறாத்தல் வாழ்க்கை’. மனிதருடைய நிறையே தலைப்பாகிவிட்டது. அவர் குளிக்க இயலாது வருந்துவதையும் தராசில் ஏறுவதையும் கமெரா நெருங்கி நின்று காட்டுகிறது, இடையிடையே விளம்பரங்கள். இங்கும் ஒரு வைத்தியர் உண்டு. இவர் மெய்யாகவே சிகிச்சை செய்கிறார். அதை நாம் மறுக்கவில்லை. சிகிச்சைக்குக் கமெரா எதற்கு என்பதே நம் கேள்வி. ‘அவர்கள் சம்மதித்தே வருகிறார்கள்’ என்பர். வைத்தியச் செலவு குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தும் ஒரு நாட்டில் அச்சம்மதத்தின் பெறுமதி என்ன?

நம்மை மட்டும் விலக்கிவிட வேண்டாம். குள்ள நடிகர் தோன்றியதும், அவர் வாய் திறக்குமுன்பே சிரித்த படக்கொட்டகைக் கூட்டத்தில் நாமும் இருந்திருக்கிறோம்.

தடை விதித்தால் தீர்ந்துவிடும் என்று கருதும் நண்பர்களுக்குப் பிரான்சின் வழக்கொன்றை நினைவூட்டுவோம். குள்ள மனிதரைத் தூக்கி எறிவது அங்கு கேளிக்கை விடுதிகளில் ஒரு விளையாட்டாக இருந்தது. 1991 இல் நகரபிதா ஒருவர் அதைத் தம் ஊரில் தடுத்தார். 1995 இல் நாட்டின் அதியுயர் நிர்வாக நீதிமன்றம், மனித கௌரவத்தின் பெயரால், அத்தடையை ஏற்றது. எதிர்த்து வழக்காடியவரோ எறியப்பட்ட அந்த மனிதரே! ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவரை சென்று 2002 இல் அவர் தோற்றார். தொழில் இருப்பதே கௌரவம், எம்மைப் போன்றோருக்கு இந்நாட்டில் வேறு தொழில் இல்லை என்பது அவர் வாதம்.

தடை நியாயமானதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவருடைய வாதத்துக்கு எந்தத் தீர்ப்பில் விடை இருக்கிறது? எறிபவனிடமிருந்து அவரைக் காத்த நீதி, மறுநாட் காலை அவர் எந்த வேலைக்குப் போவார் என்று கேட்டதா?